ஏழாவது சீடரின் இடது கால்

என் தாத்தா பூட்ஸுக்குள் கல்லைப் போட்டுக்கொண்டு நடக்கிறார் என்று நான்காம் வகுப்பு முழுவதும் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் எஸ்டேட்டில் வேறு யாரைப் பற்றி இப்படிச் சொல்லியிருந்தாலும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். தாத்தாவைப் பற்றிச் சொன்னதால், எத்தனை கல் என்று மட்டும் கேட்டார்கள். நானும் கஞ்சத்தனம் பார்க்காமல் இரண்டு என்றேன்.

சித்திரபுரத்திலிருந்து மேலே ஏறும் ஜீப் பாதை முடிகிற இடத்தில் எங்கள் லயம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் பத்து வீடுகள். வீட்டுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. அதில் தாத்தாவும் அம்மாவும் நானும் இருந்தோம். தாத்தா கவ்வாத்து ஆள். தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும் என்பதால் சில வருடங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவார்கள், அதுதான் கவ்வாத்து. செங்குத்தான சரிவில் காலை ஊன்றிக்கொண்டு, கட்டைவிரல் தடிமன் உள்ள கிளையைச் சாய்வாக ஒரே வெட்டில் வெட்ட வேண்டும். இரண்டாவது வெட்டு விழுந்தால் தண்டு பிளந்து, தண்ணீர் இறங்கிச் செடி கெட்டுவிடும். தாத்தாவுக்கு இரண்டாவது வெட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். நான் ஒருமுறை சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோனபோது வரப்பில் நின்று பார்த்தேன். மூடுபனிக்குள் கத்தி போய் வருவது மட்டும் தெரிந்தது. அவர் கடந்துபோன இடத்தில் செடிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நின்றன. அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தூக்கைக் கொடுக்க மறந்து திரும்பி வந்துவிட்டேன். அன்று அவர் பட்டினி. அதற்காகவும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

விடிவதற்கு முன்பே எழுந்து வெறும் சிமெண்டுத் தரையில் முழந்தாளிட்டு ஜெபம் சொல்வார். மலையில் ஜனவரி மாதத்துச் சிமெண்டுத் தரை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பிறகு அடுப்பு மூட்டி, தண்ணீர் சுமந்து, அம்மா எழுந்திருக்கும்போது பால் விடாத கட்டங்காப்பியைத் தயாராக வைத்திருப்பார். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார். வேலை முடிந்து வந்தால் விறகு, பீன்ஸ் தோட்டம், அதற்குப் பிறகு கோயிலைப் பெருக்குவது. எழுத்து ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. ஆனால் மாதா மன்றாட்டுமாலையில், கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் ஒரு வரியை விட்டுவிட்டால் பின்வரிசையிலிருந்து மெல்ல இருமுவார். உபதேசியார் திரும்பிப் போய் அந்த வரியை எடுத்துக்கொண்டு வருவார்.

தவக்காலம் தொடங்கினால் தாத்தா ஏதாவது ஒன்றை விடுவார். ஒரு வருடம் வெற்றிலை. ஒரு வருடம் தேநீர். தேயிலைக் காட்டிலேயே பிறந்து, தேயிலைக் காட்டிலேயே வேலை செய்து, நாற்பது நாள் தேநீர் குடிக்காமல் இருந்த வேறு மனிதரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. எனக்கு ஒன்பது வயது நடந்த அந்த வருடம், தவக்காலத்தின் நான்காம் வாரத்தில் அவர் லேசாகக் காலை இழுத்து நடப்பதைக் கண்டேன். அதற்கு முந்தின ஞாயிறுதான் சாமியார் பிரசங்கத்தில், பாவத்துக்குப் பரிகாரமாகக் காலணிக்குள் கல்லைப் போட்டு நடந்த ஒரு புனிதரைப் பற்றிச் சொல்லியிருந்தார். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. தாத்தாவிடமே கேட்டேன்.

"தாத்தா, கல்லு எம்புட்டுப் பெருசு?"

என்ன கல் என்று என்னிடமே விசாரித்துத் தெரிந்துகொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை. மறுநாளே பள்ளியில் அறிவித்துவிட்டேன்.

இங்கே எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்லியாக வேண்டும். அது கம்பெனி வீடு. வீட்டில் ஒருவராவது நிரந்தர ஆளாகப் பதிவில் இருக்கும்வரைதான் அதில் குடியிருக்கலாம். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்தாள், ஆனால் தற்காலிக ஆள். ஜூன் மாதம் அவளை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவரை தாத்தா பதிவில் இருக்க வேண்டும். வயதான ஆள் ஒருவரைப் பார்த்து, இவருக்கு முடியவில்லை, 'அன்பிட்' என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்துவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான். இறங்கிப் போவதற்கும் இடம் கிடையாது. திருநெல்வேலிப் பக்கம் இருந்ததாகச் சொல்லப்பட்ட பூர்வீக ஊரைத் தாத்தாவே கண்ணால் பார்த்ததில்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும். லயத்துப் பிள்ளைகள் வாய்ப்பாட்டுக்கு முன்னால் இதைத்தான் படிக்கிறார்கள்.

பெரிய வியாழனன்று, ஆண்டவர் சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, எங்கள் கோயிலிலும் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். லயங்களிலிருந்து பெரியவர்கள் பன்னிரண்டு பேரை உபதேசியார் தேர்ந்தெடுப்பார். அந்தப் பெஞ்சில் உட்காருவது எங்கள் ஊரில் பெரிய கௌரவம். தாத்தாவை வருடா வருடம் கேட்பார்கள். வருடா வருடம் அவர் ஒரே பதிலைச் சொல்வார்: "நற்கருணையத் தொடுற கை என் காலைத் தொடவா? வேண்டாம்." எனக்கு அது தாங்கவே முடியாத அநியாயமாக இருந்தது. என் தோழியின் தாத்தா மாலையானால் சாராய வாடையோடு வருகிறவர். அவர் மூன்று முறை சீடராகிவிட்டார். கல்லை மிதித்து நடக்கிற என் தாத்தா பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வருடம் ஒரு நாள் உபதேசியார் வீட்டு வாசலுக்கு வந்தார். தாத்தா விறகுக்குப் போயிருந்தார். அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு பேர்ல ஒரு ஆள் குறையுது பிள்ள. பேத்தி பொறந்திருக்குன்னு ஊருக்குப் போயிட்டான். தாத்தா இந்த வருசமாவது உக்காருவாரான்னு கேட்டு வையி."

"கேட்டாச்சு. சரின்னுட்டாக" என்றேன்.

எப்போது கேட்டாய், ஆள் குறைவது உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதை இல்லை.

குருத்தோலை ஞாயிறன்று பலிபீடத்தருகே நின்று பன்னிரண்டு பேரையும் வாசித்தார்கள். ஏழாவது என் தாத்தா. நான் பெருமையில் திரும்பிப் பார்த்தேன். தாத்தா கையிலிருந்த ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"தாயி, உபதேசியார்ட்டச் சொன்னது நீயா?"

தலையாட்டினேன்.

"கோயில் காரியத்துல பொய் சொல்லலாமா?"

திட்டு விழுவதற்கு முன்பே அழுதுவிடுவது என் வழக்கம். அது பெரும்பாலும் பலன் தரும். அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"மாமா, நான் இப்பவே போயி உபதேசியார்ட்டச் சொல்லிட்டு வாரேன். பிள்ள தெரியாமச் சொல்லிருச்சுன்னு."

"வேண்டாம். பீடத்துல வாசிச்ச பேரு. இனிமே அது நம்ம சொல்லி அழிக்கிற பேரு இல்ல" என்றார் தாத்தா.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். பொய் சொன்னதற்கு ஒரு அடி குறைவுதான் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுவதும் ஓடைக்கரையில் மற்ற சீடர்கள் கால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சாமியார் கழுவப் போகிற காலை அழுக்கோடு நீட்ட முடியுமா? தேங்காய் நார், கல், சோப்பு என்று ஆளுக்கு ஒரு வித்தை. பித்தவெடிப்புக்குள் இருந்த பல வருடத்து மண்ணை ஊசியால் கிளறி எடுத்தவரும் உண்டு. எங்கள் வழக்கப்படி சாமியார் கழுவுவது வலது காலை மட்டும். அதனால் அவர்களும் வலது காலை மட்டுமே தேய்த்தார்கள். எஸ்டேட்டில் பிறந்தவர்கள் வேண்டாத இடத்தில் உடம்பைச் செலவழிக்க மாட்டார்கள். வீட்டிலிருந்த நல்ல சோப்பை எடுத்துக்கொண்டு நான் தாத்தாவின் பின்னாலேயே அலைந்தேன். அவர் என்னைக் கிட்டே விடவில்லை. "நான் பாத்துக்கிடுதேன் தாயி" என்று சோப்பை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

இருட்டினால் யானை இறங்கும் என்பதால் பெரிய வியாழன் பூசையை நான்கு மணிக்கே வைத்திருந்தார்கள். பீடத்துக்கு முன்னால் நீளப் பெஞ்சு. குளிருக்கும் அட்டைக்கும் பயந்து எங்கள் கோயிலில் யாரும் செருப்பை வெளியே விடுவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்த பிறகு வலது காலை மட்டும் செருப்பைக் கழற்றி நீட்டுவார்கள். ஏழாவதாகத் தாத்தா, வெளுத்த வேட்டியும் தோளில் துண்டுமாக. பழைய கான்வாஸ் ஷூ போட்டிருந்தார். எட்டாவதாக எங்கள் மலையின் சூப்பர்வைசர், யாரை அன்பிட் என்று எழுதலாம் என்று பார்க்கிற அதே மனிதர். பேன்ட்டைச் சுருட்டி, வலது பூட்ஸைக் கழற்றி, பாலில் ஊறியது போல ஒரு காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் முன்னால் தரையில் பெண்பிள்ளைகளோடு இருந்தேன். என் இரண்டு பக்கமும் இருந்தவர்களை முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தேன்.

சாமியார் அந்த வருடம்தான் வந்திருந்த மலையாளி. இளவயது. தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் பார்த்துப் பேசுவார். முழந்தாளிட்டு ஒவ்வொருவராகக் கழுவி, துடைத்து, முத்தமிட்டுக்கொண்டு வந்தார். ஆறு பேர் ஆனது. தாத்தாவுக்கு முன்னால் வந்து முழந்தாளிட்டார்.

தாத்தா இடது காலை நீட்டினார்.

"வலது காலு, வலது காலு" என்று உபதேசியார் குனிந்து கிசுகிசுத்தார். கோயில் முழுவதற்கும் கேட்டது. தாத்தா அசையவில்லை. வலது காலை ஷூவோடு பெஞ்சுக்கு அடியில் உள்ளிழுத்து வைத்திருந்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் தோழி என்னைத் திரும்பி இடித்தாள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. எத்தனை வருடம் கழித்து இந்தப் பெஞ்சில் ஏற்றி வைத்தேன், இடது வலது தெரியாமல் மானத்தை வாங்குகிறாரே!

சாமியார் தலையை இன்னும் தாழ்த்தினார். அவர் பார்வை பெஞ்சுக்கு அடியில் இருந்தது. பிறகு நிமிர்ந்து தாத்தாவின் முகத்தைப் பார்த்தார். தாத்தாவும் அவரைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் தாத்தாவிடம் பார்த்ததே இல்லை. அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"சாரமில்ல" என்றார் சாமியார். பரவாயில்லை என்று மலையாளத்தில். இடது காலைக் கழுவினார், துடைத்தார், முத்தமிட்டார். துண்டை மடிக்கிற சாக்கில் தாத்தாவின் வேட்டி விளிம்பைப் பிடித்து வலது ஷூ மறையும்படி கீழே இழுத்துவிட்டார். கையைத் துடைக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு உரக்கச் சொன்னார்: "இனி எல்லாரும் இடது கால்."

சூப்பர்வைசர் திடுக்கிட்டார். அவருடைய இடது கால் பூட்ஸுக்குள் பத்திரமாக இருந்தது. குனிந்து கயிற்றை இழுத்தார். அது கடுமுடிச்சாக விழுந்தது. சாமியார் முழந்தாளிட்டபடி பொறுமையாகக் காத்திருந்தார். சூப்பர்வைசருக்குக் காது மடல் சிவந்தது. பல்லால் கடிக்கலாமா என்று யோசிப்பது போல ஒருமுறை வாயைக் கொண்டுபோய்விட்டுத் திரும்பினார். கடைசியில் உபதேசியார் மெழுகுவர்த்தித் திரி வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்து கயிற்றை அறுத்தார். சாக்ஸ் வெளியே வந்தபோது முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினோம். மற்ற நான்கு சீடர்களும் தேய்க்காத இடது காலை வேட்டிக்குள் ஒளித்துவைக்கப் பார்த்தார்கள். கருத்து, வெடித்து, புகையிலைச் சாறு காய்ந்து, ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெரிய வியாழன் என்பதையும் மறந்து கோயிலே சிரித்தது. உபதேசியார் அவசரமாகப் பாட்டைத் தொடங்கினார். அந்தக் களேபரத்தில் ஏழாவது சீடரை ஒருவரும் பார்க்கவில்லை, சூப்பர்வைசர் உட்பட.

எனக்கு உயிர் வந்தது. ஆக, தாத்தா செய்ததுதான் சரி! மற்றவர்களுக்குத்தான் தெரியவில்லை.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை சாமியாரின் ஜீப் வந்தது. என் பங்களாத் தோட்டத்தில் பத்து நாள் வேலை இருக்கிறது, இவரை அனுப்பித் தாருங்கள் என்று மேனேஜருக்கு அவரே கடிதம் கொடுத்திருந்தார். தாத்தா மட்டும் பங்களாவில் கேக்கும் கறியும் தின்னப் போகிறார் என்று நான் மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்து, இளைத்துப்போய் ஒரு பொட்டலம் பிஸ்கட்டோடு வந்தார். கேக் தரவில்லை போல என்று எண்ணிக்கொண்டேன். மறுநாள் பெரட்டுக்குப் போனார். ஜூனில் அம்மாவின் பேர் நிரந்தரப் பதிவில் ஏறியது. அதே வாரம் தாத்தா கத்தியைத் துடைத்து ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தார், காலை இழுத்துக்கொண்டே. வீட்டிலும் சாக்ஸைக் கழற்றமாட்டார். மலைக்குளிரில் அது யாருக்கும் விசேஷமாகப் படவில்லை.

எங்கள் கோயிலில் இன்றும் பெரிய வியாழனன்று இடது காலைத்தான் கழுவுகிறார்கள். புதிதாக வரும் சாமியார் வலது காலைத் தேடினால், இங்கே இதுதான் வழக்கம் என்று உபதேசியார் திருத்துகிறார். கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்த பிறகு, இதை நான் பெரிய வேடிக்கைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதருக்கு இடது வலது தெரியாததால் ஓர் ஊரின் வழக்கமே மாறிப்போனது என்று முடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று அம்மா எங்களோடு வந்து இருந்த முதல் தவக்காலத்தில், சாப்பிடும்போது என் கணவர் அதைக் கிளறினார்.

"ஏனுங்க அத்தை, தாத்தாவுக்கு நெசமாவே சோத்துக்கை பீச்சாங்கை தெரியாதுங்களா?"

அம்மா சிரிக்கவில்லை. தட்டில் வைத்த கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, அன்னைக்கு அந்தக் கால்ல கோடாலி விழுந்து பதினெட்டு நாளாகியிருந்துச்சு" என்றாள்.

வீட்டுக்கு விறகு பிளக்கும்போது கைநழுவி விழுந்தது. டிஸ்பென்சரிக்குப் போனால் சூப்பர்வைசருக்குத் தெரியும், தெரிந்தால் அன்பிட். நான் எழுந்திருப்பதற்கு முன்பே அம்மா தினமும் புண்ணைக் கழுவிக் கட்டிவிடுவாள். தாத்தா துண்டைப் பல்லில் கடித்துக்கொள்வார். அதன்மேல் பூட்ஸை மாட்டிக்கொண்டு சரிவில் எட்டு மணி நேரம் கவ்வாத்து. அன்று பெஞ்சுக்கு அடியில் ஷூவின் ஓரத்தில் கசிந்திருந்ததைச் சாமியார் பார்த்துவிட்டார். பத்து நாளும் பங்களாவில் தோட்ட வேலை எதுவும் இல்லை. கன்னியாஸ்திரிகளின் ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். காலையே எடுக்க வேண்டியது, ஆண்டவர் காத்தார் என்றாள் அம்மா.

"உபதேசியார்ட்டச் சொல்லிப் பேரை எடுத்துருவோம்னு கால்ல விழுந்தேன். வேண்டாம், பிள்ளையப் பொய்க்காரின்னு கோயில்ல நிறுத்த மாட்டேன்னுட்டாக. அது ஆசையில சொன்னது, அதுக்கு இது ஒரு நாளும் தெரியக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக. அவுக போன பெறகும் காப்பாத்துனேன். நீ என்னடான்னா ஊரு ஊராச் சொல்லிச் சிரிக்க."

நான் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். ஒரு பொய்யால் எங்கள் வீட்டையே தெருவில் நிறுத்தப் பார்த்திருக்கிறேன். அது தெரிந்தும் அந்த மனிதர் பதினோரு வருடம் என்னை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட, இப்படி ஒருவரோடா ஒரே அறையில் வளர்ந்தேன் என்று மலைப்பாக இருந்தது. புண்ணையும் பொய்யையும்கூட ஒருவாறு ஜீரணித்துவிட்டேன். அன்று பூசை முடிந்து வீடு திரும்பியதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

கோயிலிலிருந்து லயத்துக்கு ஒன்றரை மைல், முழுக்க ஏற்றம். ஜெயித்த தாத்தாவை எல்லோருக்கும் முன்னால் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு வெறி. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினேன். பின்னாலிருந்து அம்மா, "ஏட்டி, மெதுவாப் போ, பாவி" என்று கத்திக்கொண்டே வந்தாள். நான் காதில் வாங்கவில்லை. தாத்தா என் வேகத்துக்கே வந்தார்.

"இந்த வருசம் இடது காலுன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தாத்தா தெரிஞ்சுச்சு?"

"எனக்கு எங்க தாயி தெரியும்? ஆண்டவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

கடைசி ஏற்றத்தில் நான் நின்றுவிட்டேன். கால் வலிக்கிறது, இனி ஓர் அடி நடக்க முடியாது என்று சிணுங்கினேன். ஒன்பது வயதுப் பெண், அப்போதே நல்ல கனம். தாத்தா சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்; பின்னால் எல்லோரும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். பிறகு குனிந்து, என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு மிச்ச ஏற்றத்தையும் ஏறினார்.